விக்கிரம் சாராபாய்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. ஒன்று நூலாலைகளாலும் மாந்தோப்புகளாலும் பெயர்பெற்றது. மற்றொன்று ஆண்டாள் அவதரித்த ஊர் என்றும், வானளாவிய கோபுரத்தை உடைய ஊர் என்றும் புகழ்பெற்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையின் பெரும்பகுதியை மலை தன் மேலைப்புறத்திலேயே தடுத்து நிறுத்திவிடுகின்றது. ஆதலின், இப்பகுதிக்கு உயிரூட்டுவது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே ஆகும். அம்மழையும் ஆண்டு முழுவதும் பெய்வதன்று. சில நாள் கொட்டித் தீர்த்து ஓய்ந்துவிடும். மலையினின்று இறங்கும் ஓடைகளும் சிற்றாறுகளும் நுங்கும் நுரையுமாகப் பெருக்கெடுத்து, வைப்பாற்றொடு கூடி, மன்னார் வளைகுடாவிற் சென்று மறையும். ஓடுகின்ற அந்நீரை நிறுத்தி வைப்பதற்கென்று நம் முன்னோர் கண்ட வழியே கண்மாய்.

இக்கண்மாய்கள் தனித்தனியே கிடப்பன அல்ல. மேலுள்ள கண்மாய் நிரம்பியதும் மிகுநீர் கலுங்கின் வழியே வழிந்து கீழுள்ள கண்மாயை அடையும். அது நிரம்பியபின் அடுத்ததை நாடும். ஒரு சரட்டிற் கோத்த மணிகளைப் போல அவை ஒன்றனோடொன்று தொடர்புற்றுக் கிடக்கின்றன. சரடு ஓரிடத்தில் அறுந்தாலும் மணிகள் சிதறும். மேலூரில் வரத்துக்கால் தூர்ந்துபோனாலோ, நீர்பிடிப்பிடத்தை யாரேனும் உழுது வளைத்துக்கொண்டாலோ, அடுத்தடுத்துள்ள ஊர்களின் வயல் காயும். ஆயினும், கரைமேல் நின்று நோக்கும் உழவனுக்குத் தன் ஊர்க் கண்மாய் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். குறை தன் ஊரிலா, மேலூரிலா, மலையடிவாரத்திலா என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? தொடர் முழுவதையும் ஒருசேரக் காண வேண்டுமாயின், பருந்தினும் உயரப் பறத்தல் வேண்டும்.

அவ்வாறு உயரச் சென்று பார்க்கும் கண்கள் இன்று நமக்கு உள்ளன. நிலத்திற்கு 800 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் உலகை வலம்வரும் இந்தியச் செயற்கைக்கோள்கள், மலையையும் ஓடையையும் கண்மாயையும் வயலையும் ஒரே படத்திற் பதிவு செய்து அனுப்புகின்றன. எட்ட நின்றே ஒரு பொருளின் இயல்பை உணர்த்தும் இக்கலையைத் தொலையுணர்வு என்பர். இக்கலை நம் நாட்டில் வேரூன்றுதற்குக் காரணராய் விளங்கியவர் விக்கிரம் சாராபாய் என்னும் பேரறிஞர். அவருடைய வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

விக்கிரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் குசராத்து நாட்டின் அகமதாபாத்து நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், பெருந்துணியாலைக்கு உரிமையாளர், தாயார் சரளாதேவி. மக்கள் எண்மருள் விக்கிரம் ஒருவர். செல்வத்திற்குக் குறைவில்லாத அக்குடும்பத்தில் ஒரு புதுமை இருந்தது. அம்பாலாலின் உடன்பிறந்தாராகிய அனசூயா அம்மையார் ஆலைத் தொழிலாளரின் தலைவியாய் விளங்கினார். 1918ஆம் ஆண்டில் கூலி உயர்வு வேண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, காந்தியடிகளுடன் நின்று தொழிலாளர் பக்கம் வாதாடியவர் அவரே. எதிர்ப்பக்கம் ஆலை முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவரோ அவருடைய தம்பி. அவ்வாறிருந்தும் உடன்பிறந்தார் இருவருக்குமிடையே அன்பு முறியவில்லை. இதற்கு மறு ஆண்டில் விக்கிரம் பிறந்தார். முதலாளியின் மகனாகப் பிறந்தும் எளியோரின் குறையை மறவாதவராய் அவர் வளர்ந்ததில் வியப்பில்லை.

அம்பாலால் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டையே பள்ளியாக்கினார். அயல்நாட்டாரும் நம் நாட்டாருமாகிய ஆசிரியர் பலரை அமர்த்தி, மொழியும் கணக்கும் கலையும் கைத்தொழிலும் கற்பித்தார். விக்கிரமின் மனம் பட்டறையிலேயே பெரிதும் பொருந்தியிருந்தது. இளமையிலேயே நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்றை ஓடும் நிலையிற் செய்து முடித்தார். அவ்வீட்டிற்கு விருந்தினராக வந்தவர்களோ காந்தியடிகள், தாகூர், நேரு முதலிய பெரியோர்கள். விக்கிரம் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து செல்ல விரும்பியபோது, அவரைப் பற்றிய பரிந்துரைக் கடிதம் எழுதியவர் கவியரசர் தாகூரே ஆவார்.

கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று 1940ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். அதற்குள் இரண்டாம் உலகப்போர் மூண்டுவிட்டது. தாயகம் திரும்பிய விக்கிரம், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியற் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தார். விண்வெளியினின்று இடையறாது நிலவுலகின்மேற் பொழியும் அண்டக்கதிர்களே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள். அக்கதிர்களை அளப்பதற்காகக் காசுமீரத்தின் உயர்ந்த மலைகளிலும் ஏறினார். மேலேயிருந்து வரும் ஒளியற்ற கதிர், கீழே உள்ள கருவியில் ஏதோ ஒரு குறிப்பை விட்டுச் செல்கின்றது. அக்குறிப்பைக் கொண்டு, காணாத பொருளின் இயல்பைக் கணித்தறிதல் வேண்டும். பிற்காலத்தில் வானிலிருந்து நிலத்தை நோக்கும் கலையில் அவர் கொண்ட நாட்டத்திற்கு இப்பயிற்சியே வித்து என்று நாம் கருதலாம்.

பெங்களூரில் இருந்த காலத்தில் அவருக்குத் தமிழ்நாட்டோடு உறவு ஏற்பட்டது. சென்னையைச் சேர்ந்த மிருணாளினி சுவாமிநாதன் என்னும் பரதநாட்டியக் கலைஞரை 1942ஆம் ஆண்டில் மணந்தார். மிருணாளினி அம்மையார், பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடனம் பயின்றவர்; நேதாசியின் படையில் மகளிர் பிரிவுக்குத் தலைமை பூண்ட கேப்டன் இலட்சுமியின் தங்கை. வெள்ளையனே வெளியேறு என்னும் இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. அதனால், சென்னையில் நடந்த அத்திருமணத்திற்கு மணமகன் வீட்டார் வர இயலவில்லை.

போர் ஓய்ந்தபின் மீண்டும் கேம்பிரிட்சு சென்று, 1947ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே, அகமதாபாத்தில் ஒரு கல்லூரியின் சில அறைகளைப் பெற்றுப் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் இயக்குநராய் அமர்ந்தவர், பாலக்காட்டுக் கல்பாத்தியிற் பிறந்த வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதன். துணியாலைகளுக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகமும், மேலாண்மை பயிற்றும் கழகமும், மனைவியாருடன் சேர்ந்து கண்ட தர்ப்பணா என்னும் கலைக்கூடமும் எனச் சாராபாய் தோற்றுவித்த நிறுவனங்கள் பல. அவற்றையெல்லாம் விரித்துரைப்பின் பெருகும்.

1962ஆம் ஆண்டில் இந்திய அரசு விண்வெளி ஆராய்ச்சிக்கென ஒரு தேசியக் குழுவை அமைத்துச் சாராபாயை அதற்குத் தலைவராக்கியது. இராக்கெட்டு ஏவுவதற்கேற்ற இடம் தேடிய அவர், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊரைத் தேர்ந்தார். நிலவுலகின் காந்த நடுக்கோடு அவ்வூரின் அருகே செல்வதால், மேல்வானின் மின்னோட்டத்தை ஆராய்வதற்கு அது மிகவும் ஏற்ற இடம். ஆனால், அவ்விடத்தில் புனித மகதலேனா மரியாளின் கோயில் இருந்தது; அதைச் சூழ்ந்து மீனவர் குடிசைகள் இருந்தன. சாராபாய் ஆயராகிய பெரைராவை நேரிற்கண்டு தம் கருத்தை விளக்கினார். ஆயரும் ஊராரும் இசைந்தனர். மீனவர் தம் குடியிருப்பை விட்டு வேறிடம் பெயர்ந்தனர். கோயிற் கட்டடமே ஆராய்ச்சியாளருக்குப் பணிமனையாயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகின்றது. விண்வெளியின் வரலாற்றைக் கூறுவோர் அறிஞர் பெயர்களையே அடுக்கிச் செல்வர். வாழ்ந்த மண்ணை விட்டுக்கொடுத்த அம்மீனவரின் பெயர்களை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, அங்கிருந்து முதல் இராக்கெட்டு விண்ணில் எழுந்தது. அது அமெரிக்க நாட்டில் செய்யப்பட்டது. அதன் உறுப்புகளை இடம்விட்டு இடம் கொண்டு செல்வதற்கு மிதிவண்டியும் உதவியது என்றால், அக்காலத்து வசதி எத்தகையது என்பது புலனாகும். அங்கே உழைத்த இளைஞருள் ஒருவர் இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம். 1985ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்படும்வரை, இராமேசுவரமும் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. கண்மாயையே நம்பி வாழும் வறண்ட சீமையினின்று வந்த அவ்விளைஞரைச் சாராபாய் இனங்கண்டு பெரும்பொறுப்புகளை ஒப்படைத்தார்.

அக்காலத்தில் நம் நாடு உண்ணும் கோதுமைக்கே அமெரிக்கக் கப்பலை எதிர்நோக்கியிருந்தது. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத நாட்டிற்கு வானத்தில் என்ன வேலை என்று பலர் வினவினர். இவ்வினாவை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நேர்மையான வினாவே அது. சாராபாயும் அதனை ஒதுக்கவில்லை. சந்திரனுக்கு ஆள் அனுப்பும் போட்டியில் வல்லரசுகளோடு இறங்குவது தம் நோக்கமன்று என்று தெளிவாகக் கூறினார். ஆனால், பயிரையும் நீரையும் கல்வியையும் பற்றிய குறைகளைத் தீர்க்க உதவும் கருவி எதுவாயினும், அதனைக் கையாள்வதில் இந்தியா எந்நாட்டிற்கும் பின்தங்கலாகாது என்பது அவர் கொள்கை. பரந்த நாட்டின் காட்டையும் வயலையும் நீர்நிலையையும் ஆள்விட்டு அளந்து முடிப்பதற்குப் பல்லாண்டுகள் செல்லும். முடிவதற்குள் நிலைமை மாறிவிடும். வானிலிருந்து நோக்கினால் அதே வேலை சில நாட்களில் முடியும். பொருளும் காலமும் குறைவாக உள்ள ஏழை நாட்டிற்கே இக்கருவி மிகுதியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். கேட்டோர் எல்லாரும் ஒப்பினர் என்று சொல்லுதற்கில்லை.

வாதத்தைவிடச் செயல் வலிமையுடையது. கேரளத்தில் தென்னைகளை வேர்வாடல் என்னும் நோய் தாக்கி வந்தது. நோய் முற்றிய மரத்தை யாரும் கண்டுகொள்வர். நோய் தொடங்கும் நிலையில் கண்டறிவது அரிது. 1970ஆம் ஆண்டளவில், சாராபாயின் ஊக்கத்தால், அகமதாபாத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய பிஷாரடி என்னும் வானிலை அறிஞரும் அவர் குழுவினரும் ஹெலிகாப்டரில் பறந்து தென்னந்தோப்புகளைப் படம் பிடித்தனர். அவர்கள் கொண்டு சென்ற படச்சுருள், நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்ய வல்லது. உயிர்ப்புள்ள இலை அவ்வொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலை குறைவாகவே அனுப்பும். ஆதலின், தரையில் நின்று பார்ப்போர்க்கு ஒன்றுபோல் தோன்றிய மரங்கள், படத்தில் வேறு வேறு நிறமாகத் தெரிந்தன. இந்தியாவில் தொலையுணர்வுக் கலை இவ்வாறு ஒரு தென்னந்தோப்பின்மேல் தொடங்கிற்று.

இலைக்குப் பொருந்திய இம்முறை நீருக்கும் பொருந்தும். நீர் அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உள்ளிழுத்துக்கொள்ளும். ஆதலால் தெளிந்த நீர்நிலை படத்தில் கருமையாகத் தோன்றும். அகச்சிவப்பொளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்துப் படம் அமைக்கும் வழக்கப்படி, பசும்பயிர் செக்கச்செவேலெனத் தோன்றும். வெற்றுநிலம் இவ்விரண்டும் அல்லாத வேறு நிறம் கொள்ளும்.

1970ஆம் ஆண்டில் சாராபாய், அடுத்த பத்தாண்டுகளுக்கு இந்தியா செய்ய வேண்டிய அணுசக்திப் பணிகளையும் விண்வெளிப் பணிகளையும் வகுத்து ஒரு திட்டம் வெளியிட்டார். நிலவளத்தையும் நீர்வளத்தையும் வானிலிருந்து ஆராய்வதும் அதில் இடம்பெற்றது. நிலவளம் காண்பதற்கென்றே அமைந்த செயற்கைக்கோளை அமெரிக்கா முதன்முதல் ஏவியது 1972ஆம் ஆண்டு சூலைத் திங்களிலேதான். அதற்கு முன்பே, சொந்தமாகச் செயற்கைக்கோள் ஒன்றும் இல்லாத நாட்டிலிருந்து ஒருவர் அதனை எண்ணித் திட்டமும் தீட்டியிருந்தார் என்பது கருதத்தக்கது.

ஆனால், அத்திட்டத்தின் பயனைக் காண அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை. 1966ஆம் ஆண்டு சனவரியில் ஓமி பாபா விமான விபத்தில் மாண்டபின், அணுசக்திக் குழுவின் தலைமையும் சாராபாயின் தோள்மேல் விழுந்தது. 1969ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. பம்பாய், அகமதாபாத்து, தில்லி, திருவனந்தபுரம் என்று ஓயாது அலைந்தார். உடல் தாங்கும் அளவை அவர் கருதினாரில்லை. உடனிருந்தோர் வற்புறுத்தி நிறுத்தியிருக்கலாகாதா என்று இன்றும் நம் மனம் ஏங்குகின்றது. 1971ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் இறுதியில் தும்பாப் பணிகளைப் பார்வையிட வந்தவர், இரவு கோவளத்தில் தங்கினார். 30ஆம் நாள் விடிந்தபோது, உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கக் கண்டனர். அப்போது அவருக்கு வயது 52. இந்தியாவின் செயற்கைக்கோள் ஒன்றையும் அவர் கண்களாற் கண்டதில்லை.

அவரிடம் பயின்ற யு. ஆர். ராவ் தலைமையில் உருவான ஆரியபட்டா, 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் விண்ணை அடைந்தது. 1979ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் நிலவுலகை நோக்கும் பாசுகரா சென்றது. அதன் படத்தில் ஒரு கிலோமீட்டர் அகலத்திற்குக் குறைந்த பொருள் தனித்துத் தெரியாது. ஊர்க் கண்மாய்களுள் பல அதன் பார்வைக்குத் தப்பிவிடும். 1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களுள் முதலாவது சோவியத்து நாட்டிலிருந்து ஏவப்பட்டது. 22 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தின்மேல் மீண்டும் வந்த அக்கோள், ஏறத்தாழ 36 மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டிற்று. கண்மாய்கள் இப்போது கண்ணில் பட்டன! 2003ஆம் ஆண்டில் சென்ற ரிசோர்சுசாட்டு என்னும் கோளின் கூர்ந்த கருவிக்கு 6 மீட்டரினும் சிறிய பொருளும் புலனாயிற்று. வரத்துக்கால்களும் ஓரளவு தெரியலாயின.

படம் மட்டும் இருந்தாற் போதாது. கண்ணாடி போன்ற மெல்லிய தாள்கள் பலவற்றில், ஒன்றில் ஓடைகளையும் ஒன்றில் கண்மாய்களையும் ஒன்றில் மண்வகையையும் ஒன்றில் நிலத்தின் மேடுபள்ளத்தையும் மற்றொன்றில் கிணறுகளையும் வரைந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நோக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இவ்வடுக்கைக் கணிப்பொறியில் அமைப்பதே புவியியல் தகவல் முறைமை. திருவில்லிபுத்தூர்ப் பகுதியின் பல்லாண்டுப் படங்களை இங்ஙனம் அடுக்கினால் தெரிவன பல. மழை நன்கு பெய்த ஆண்டிலும் ஒரு கண்மாய் கருமை கொள்ளாதிருப்பின், மேலே வரத்துக்கால் எங்கேயோ அடைபட்டுள்ளது என்று ஐயுறலாம். கண்மாயின் உட்புறமே சிவந்து தோன்றினால், அங்கே சீமைக்கருவேல் மண்டியிருக்கலாம். கோடையில் உட்பரப்பை உழுது பயிரிட்டிருக்கவும் கூடும். மலையடிவாரத்தில் பாறையின் பிளவுகள் நேர்கோடுகளாகத் தென்படும் இடங்களில் நிலத்தடிநீர் ஊறும் என்று எதிர்பார்க்கலாம். அத்தகைய இடங்களைக் காட்டும் நிலத்தடிநீர்ப் படங்கள், குடிநீர்த் திட்டத்திற்காக நாடெங்கும் செயற்கைக்கோள் துணைகொண்டு வரையப்பட்டுள்ளன.

வானத்துக் கண்ணுக்கும் குறைகள் உண்டு. நீரின் பரப்பை அது காணும். வண்டல் படிந்து ஆழம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அப்படத்திலிருந்தே சொல்ல முடியாது. கண்மாய்கள் நிரம்பும் கார்த்திகையில்தான் முகில் திரண்டு மலையையும் ஊரையும் மறைக்கும். எது நோக்கத்தக்கதோ அதனை நோக்க முடியாத நிலை அது. 2012ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ரிசாட்டு என்னும் கோள், முகிலை ஊடுருவும் ரேடார் அலைகளைக் கொண்டு இக்குறையை ஓரளவு நீக்கிற்று. சிவப்பாகத் தெரிவது கருவேலா, நெல்லா என்று துணிவதற்கு, யாரேனும் ஒருவர் காலாற் கரையேறிச் சென்று பார்த்தே ஆக வேண்டும். அப்போது பொறியாளருக்கு வழிகாட்டுபவர் ஊரின் நீர்ப்பாய்ச்சியே. எந்த மடை எந்நாளில் திறந்தது, எந்தக் கால் எந்த வெள்ளத்தில் உடைந்தது என்பன அவர் நினைவில் உள்ளன, படத்தில் இல்லை.

சாராபாயின் பெயரைத் தும்பாவில் உள்ள விண்வெளி மையம் தாங்கியுள்ளது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நிலாவின் தென்முனையருகே இறங்கிய கலத்திற்கும் விக்கிரம் என்பதே பெயர். செய்தித்தாள்களில் இடம்பெறாத வேறு கோள்கள் சில, நாள்தோறும் தம் பணியை ஆற்றிவருகின்றன. நிலத்தை நோக்கும் நம் கோள்கள் முற்பகல் 10.30 மணியளவில் நம் நாட்டை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து செல்லுமாறு செலுத்தப்பட்டுள்ளன. திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் பள்ளிகளில் பாடம் நடந்துகொண்டிருக்கும் நேரம் அது. முறைவரும் நாளில் அவற்றுள் ஒன்று, ஓசையின்றி, கண்ணுக்குத் தெரியாமல், மலையையும் கண்மாய்களையும் பள்ளிக் கூரைகளையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டு குமரிக்கடல் நோக்கிச் செல்லும்.